ஒரு கிராம் தாள்

பெரியவனே, சின்னவளே, பீரோவில் ரேஷன் கார்டு வைக்கும் பையை நீங்கள் கிளறியபோது ஒரு வட்டத் தாள் கீழே விழுந்ததே, அதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய வட்டம். ஓரத்தில் பிசிறே இருக்காது. அதில் ஒரு பக்கமாகப் பச்சை மையில் பாதிக் கையெழுத்து. சின்னவள் அதில் பூனை முகம் வரையப் போனாள், நான் வெடுக்கென்று பிடுங்கினேன், அவள் அழுதுவிட்டாள். அதே வாரத்தில்தான் உங்கள் அத்தை வந்து, அவளுடைய பி.எச்டி. ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய கைடு மேடம் ஓய்வு பெறுகிறார், பாராட்டு விழா வைத்திருக்கிறோம், அண்ணன் குடும்பத்தோடு வர வேண்டும் என்று அழைத்தாள். நான் வர மாட்டேன் என்றேன். அவளும் விடவில்லை, "அந்தம்மா இல்லீன்னா நான் இல்லண்ணா" என்றாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நடந்துவிட்டேன். திரும்பி வந்ததும் பெரியவன் கேட்டான்: "ஏனுங்கப்பா, வயசான ஒருத்தங்க மேல இத்தன கோவம்?" வாயால் சொன்னால் கத்திவிடுவேன் கண்ணுகளா. எழுதினால் கை மெதுவாகத்தான் போகும். அதனால் எழுதுகிறேன்.

நான் பத்தாவதோடு நின்றவன் என்பது உங்களுக்குத் தெரியும். பனியன் கம்பெனியில் துணி சோதிக்கிறேன் என்பதும் தெரியும். அங்கே என்ன செய்கிறேன் என்று நீங்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சாயம் ஏறி வரும் துணி, கேட்ட கனத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதை ஜி.எஸ்.எம். என்று சொல்வோம். அதற்கென்று ஒரு வட்டக் கட்டர் உண்டு. துணி மேல் வைத்து, பூட்டை விடுவித்து, அழுத்தித் திருகினால் வட்டமாக ஒரு துண்டு வரும். அதைச் சின்னத் தராசில் வைத்து, வந்த எடையை நூறால் பெருக்கினால் கனம் தெரிந்துவிடும். கட்டருக்கு அடியில் ரப்பர் பேடு வைக்க வேண்டும் என்பது முறை. பேடு தேய்ந்து கிடந்தால், அவசரத்துக்குத் துணி அடுக்கின் மேலேயே வைத்து வெட்டுவோம். எவ்வளவு அழுத்தினால் மேல் துணி மட்டும் வெட்டுப்படும் என்று கைக்குத் தெரியும். செய்யக் கூடாத பழக்கம்தான். பதினைந்து வருஷமாக என் கையில் ஊறிப்போன பழக்கம்.

உங்கள் அத்தை வேறு மாதிரி. எங்கள் வீட்டில் அவள் ஒருத்திதான் காலேஜ் வாசலை மிதித்தவள். எம்.காம். முடித்ததும் பி.எச்டி.க்குப் பதிவு செய்தாள். பனியன் கம்பெனிகளில் பெண்கள் ஏன் பாதியில் வேலையை விட்டு நின்றுவிடுகிறார்கள் என்பது அவளுடைய ஆராய்ச்சி. கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு ஷிப்ட் விடும் நேரத்தில் கம்பெனி கேட்டுகளில் நிற்பாள். பஸ்ஸுக்கு ஓடும் பெண்களோடு கூடவே ஓடி ஓடிக் கேட்பாள். "இதுக்கெல்லாம் பட்டம் குடுப்பாங்களா கண்ணு? நாங்க தினமும் பேசறதுதான!" என்று ஒரு தாராபுரத்துக்கார அம்மா சிரித்ததை வந்து சொல்லி அவளும் சிரித்தாள். அவள் ஆராய்ச்சியைப் பற்றிச் சிரித்துப் பேசியது அந்த முதல் வருஷத்தில் மட்டும்தான்.

கைடு மேடத்தை நான் வெறுத்தேன். இப்போதும் வெறுக்கிறேன். நம் பக்கத்தில் வெறுக்கிறவர்களையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவோம், அதனால் அவரை 'அவர்' என்றே எழுதுகிறேன். மரியாதை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். என் தங்கை எழுதிய ஓர் அத்தியாயத்தை நான்கு மாதம் மேஜையில் வைத்திருந்து, ஒரே ஒரு காற்புள்ளியைச் சுழித்துத் திருப்பிக் கொடுத்தார். மெயிலில் அனுப்பினால் பார்க்க மாட்டார், ஒவ்வொரு முறையும் அச்செடுத்துக் கொண்டுபோக வேண்டும். வரச் சொன்ன நாளில் காலையில் போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தால், அவர் அந்த வழியே நாலு முறை போவார், வருவார், திரும்பிப் பார்க்க மாட்டார். சாயங்காலம் வாட்ச்மேன் வந்து, "மேடம் போயாச்சு, அடுத்த வாரம் வரச் சொன்னாங்க" என்பார். எந்த நிமிஷமும் கூப்பிடுவார்கள் என்ற பயத்தில் உங்கள் அத்தை டிபன் பாக்ஸைத் திறக்கவே மாட்டாள். கட்டிக் கொடுத்த சாப்பாடு கட்டியபடி வீட்டுக்குத் திரும்பி வரும். அந்த டப்பாவைக் கழுவப் போடும்போதெல்லாம் உங்கள் அம்மா என் முகத்தைப் பார்ப்பாள். நடுவில் மேடத்துக்கு விடைத்தாள் மதிப்பெண் கூட்டுவது, கருத்தரங்கப் பைகளில் சீட்டு ஒட்டுவது எல்லாம் இவள் வேலை. என்றைக்காவது "இந்த அத்தியாயம் எப்ப பார்ப்பீங்க மேடம்?" என்று கேட்டுவிட்டால் பதில் ரெடியாக இருக்கும். "இது பனியன் இல்லம்மா, பீஸ் ரேட்டுக்குத் தைச்சுத் தள்ளறதுக்கு."

இப்படியே ஆறு வருஷம் ஓடிவிட்டது. பல்கலைக்கழகம் கொடுத்த கூடுதல் காலமும் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோடு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. மறுபடி வேண்டுமானால் முதலிலிருந்து, புதுப் பதிவு, புது வருஷங்கள். உங்கள் அத்தை விதிமுறைத் தாளைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தாள். தலை சீவும்போதெல்லாம் அதைப் படிப்பாள். கட்டுரை இரண்டு வெளிவந்திருக்க வேண்டும், வந்துவிட்டது. எங்கிருந்தும் காப்பி அடிக்கவில்லை என்ற சான்று, வாங்கியாகிவிட்டது. நூலகத்தில் பாக்கி இல்லை என்ற சீட்டு, இருக்கிறது. இடது ஓரம் இத்தனை விட வேண்டும், எழுத்து இத்தனை பெரிதாக இருக்க வேண்டும், ஐந்து பிரதி வேண்டும், ஐந்திலும் கைடின் சான்றிதழ் பச்சை மையில் நேரடிக் கையெழுத்தோடு இருக்க வேண்டும். நகல் செல்லாது. தாள் நூறு ஜி.எஸ்.எம். அந்த ஒரு வரி மட்டும் எனக்குப் புரிந்தது. அட, நம்ம பாஷையில் ஒன்று சொல்லியிருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டேன்.

கடைசி வாரத்துச் செவ்வாய்க்கிழமை கையெழுத்து வாங்கப் போனோம். ஐந்து கட்டுகளையும் நான்தான் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றேன். மேடம் ஐந்து சான்றிதழிலும் கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்து, தாளை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, "என்ன பேப்பர் இது? மெலிசா இருக்கு. நூறு ஜி.எஸ்.எம். மாதிரி தெரியலையே. யுனிவர்சிட்டி செக்ஷன்ல திருப்பி அனுப்பினா என்கிட்ட வந்து அழக் கூடாது" என்றார். "கடைல நூறுன்னுதான் சொன்னாங்க மேடம்" என்றாள் என் தங்கை. "கடைக்காரன் ஆயிரம் சொல்வான். யாராவது செக் பண்ணீங்களா?" என்று கேட்டபடி அவர் என்னைப் பார்த்தார். வேறெங்காவது பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை. விரலால் தொட்டுக் கனம் சொல்கிறவன் நான். என் தொழிலில் வந்து கைவைத்துவிட்டாரே என்று உச்சந்தலை வரை சுட்டது.

மறுநாள் புதன்கிழமை காலையில் கட்டுகளை பைண்டிங் கடையில் கொடுக்கச் சொல்லி உங்கள் அத்தை என்னிடம் ஒப்படைத்தாள். நேரே கடைக்குப் போயிருக்க வேண்டும். நான் கம்பெனிக்குக் கொண்டுபோனேன். ஐந்து கட்டுகளில் மேலே இருந்ததைச் சோதனை மேஜையில் வைத்தேன். அச்சுக் கடைக்காரர் கட்டின் மேல் அதே தாளில் ஒரு வெற்றுத் தாளைப் பாதுகாப்புக்கு வைத்திருந்தார். அதிலிருந்து ஒரு வட்டம் எடுத்தால் போதும். கட்டைக் கலைத்தால் பக்க வரிசை மாறிவிடுமோ என்று பயம். மேல் ஓரத்தில் கிளிப் போட்டிருந்ததால் கட்டரைக் கீழ்ப் பாதியில் வைத்து, துணி அடுக்கில் செய்வது போலவே அழுத்தித் திருகினேன். வட்டத்தைத் தராசில் வைத்தேன். ஒரு கிராம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தாள் நூறு ஜி.எஸ்.எம்.தான். "பாத்தீங்களா மேடம்!" என்று அங்கே யாருமே இல்லாத இடத்தில் வாய்விட்டுச் சொன்னேன். சிரித்துக்கொண்டே திரும்பி வந்து பார்த்தால், வெற்றுத் தாளின் ஓட்டைக்குள் இன்னொரு வட்டம் கொஞ்சம் விலகிக் கிடக்கிறது. அதை எடுத்தேன். அதற்கடியில் இன்னொன்று. அதில் பச்சை மை.

துணி அமுங்கிக் கொடுக்கும், தாள் கொடுக்காது. இந்தச் சின்ன விஷயம் என் கைக்குத் தெரியவில்லை. தலைப்புப் பக்கமும் சான்றிதழும் ஓட்டையாகிவிட்டன. மேடத்தின் கையெழுத்தில் பாதி வட்டத்தில், பாதி தாளில்.

உங்கள் அத்தையிடம் போய்ச் சொன்னபோது அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அவள் அந்த ஓட்டையின் ஓரத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவினாள். "உன்னை ஆரண்ணா கேட்டா?" என்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "அவங்க ஒரு வார்த்த சொன்னது உனக்கு ஒரு நாள் பொறுக்கல. எனக்கு ஆறு வருசமாச் சொல்றாங்க. நான் எதையாச்சும் வெட்டுனனா?" என்றாள். கண்ணுகளா, என்னை நிறையப் பேர் திட்டியிருக்கிறார்கள், அதெல்லாம் காதோடு போய்விட்டது. இது இன்னும் உள்ளே கிடக்கிறது. இரண்டு பேருமாக பைண்டிங் கடைக்குப் போனோம். கடைக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஏனுங்க இத்தன வெசனம்? பச்சப் பேனா ஒண்ணு குடுங்க, நானே போட்டுத் தர்றனுங்க. ஆருக்குத் தெரியப் போவுது?" என்றார். ஒரு கணம் நான் தங்கையைப் பார்த்தேன். அவள் தாளை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். தலைப்புப் பக்கத்தை மட்டும் புதிதாக அச்செடுத்தோம், வெற்றுச் சான்றிதழ் ஒன்றும் அச்செடுத்தோம்.

வியாழக்கிழமை மேடம் விடுப்பு. அவர் வீட்டுக்கு வெள்ளகோவில் தாண்டிப் போக வேண்டும். வண்டியில் போனோம். மேடம் எங்களை வீட்டுக்குள் கூப்பிடவில்லை, கார் நிறுத்துமிடத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஓட்டைத் தாளை வாங்கி, "என்ன இது, எலி கடிச்சுதா?" என்றார்.

"இல்லீங்க மேடம். நாந்தானுங்க."

"நீங்களா? நீங்க யாரு, ரிசர்ச் ஸ்காலரா?"

"அண்ணனுங்க."

"ஓ, வண்டி ஓட்டிட்டு வருவீங்களே, அவர்தானே" என்று சொல்லி, அந்தத் தாளை முகத்துக்கு நேராகத் தூக்கி, ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். என்ன நடந்தது என்று முழுக்கச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சொன்ன வார்த்தையை நான் மறக்கவே மாட்டேன். "நான் சும்மா சொன்னேங்க. பேப்பரைத் தொட்டா ஏதாவது சொல்லுவேன், அது என் பழக்கம். அதைப் போய் மெஷின்ல வைப்பாங்களா? படிக்காதவங்க கையில தீசிஸைக் குடுத்தா இப்படித்தான்."

உடனே கையெழுத்துப் போடவும் இல்லை. ஆறாவதாக ஒரு சான்றிதழ் எப்படிக் கொடுப்பது, நாளைக்கு யாராவது கேட்டால் தனக்குப் பாதுகாப்பு வேண்டாமா என்றார். தப்புச் செய்தவர் கைப்பட ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதித் தர வேண்டும். ஒரு பரீட்சை அட்டையும் தாளும் வந்தன. பூந்தொட்டிக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்து எழுதினேன். முதல் கடிதத்தை வாங்கிப் பார்த்து, "மார்ஜின் எங்கே?" என்று திருப்பிக் கொடுத்தார். இரண்டாவதில் 'பெறுநர்' முகவரி தப்பான பக்கத்தில் இருந்தது. அவர் சிவப்புப் பேனா வைத்துக்கொண்டு சுழித்தபோதுதான், என் தங்கை ஆறு வருஷம் எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று எனக்கு உடம்பில் உறைத்தது. மூன்றாவதாக எழுதியதில் ஓரம் விட்டேன், முகவரி சரியாகப் போட்டேன், என் அறியாமையால் நடந்தது என்று எழுதினேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். 'தாளைச் சோதித்ததில் எடை ஒரு கிராம் இருந்தது, எனவே தாள் விதிப்படி நூறு ஜி.எஸ்.எம். என்று தெரிவித்துக்கொள்கிறேன்.'

மேடம் அந்த வரியில் பேனாவை நிறுத்தினார். "இது எதுக்கு?"

"உண்மைங்க மேடம்."

"கைடு சொன்னதைச் சோதிச்சுப் பார்த்தேன்னு ஆபீஸ் ஃபைல்ல எழுதி வைப்பீங்களா? இந்த வரியை எடுங்க. எடுத்துட்டு எழுதிக் குடுத்தா போடறேன். இல்லைன்னா உங்க இஷ்டம்."

பேனா என் கையில் இருந்தது. அந்தக் கடிதத்திலேயே என்னுடையது என்று சொல்ல அந்த ஒரு வரிதான் இருந்தது. மீதி எல்லாம் அவர் கேட்டது. எழுந்து போய்விடலாம் என்றுகூட நினைத்தேன், மறைக்காமல் சொல்கிறேன். கேட் ஓரமாக வெயிலில் நின்றிருந்த உங்கள் அத்தை, "அண்ணா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. நான்காவது தாளை வாங்கி அந்த வரி இல்லாமல் எழுதிக் கொடுத்தேன். மேடம் அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, புதுச் சான்றிதழில் பச்சை மையில் ஒரு கோடு இழுத்தார். இரண்டு நொடிகூட ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் ஐந்து பிரதிகளையும் பல்கலைக்கழக செக்ஷனில் கொடுத்தோம். அங்கிருந்தவர் பக்கங்களைச் சரசரவென்று புரட்டி, முத்திரை குத்தி, ரசீது கொடுத்தார். தாளை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

இதைப் படித்துவிட்டு, தப்பு அப்பா மேல்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், என் மேல்தான். கட்டர் என் கையில் இருந்தது. அதைச் சின்னதாக்க மாட்டேன். ஆனால் என் தப்பு அவருடைய தப்பைக் கழுவிவிடாது. உங்கள் அத்தைக்கு அவர் மேல் நன்றி இருக்கிறது, இருக்கட்டும், பட்டம் வாங்கியவள் அவள். நான் வெறுப்பதைப் பார்த்து நீங்களும் வெறுக்க வேண்டாம். வெறுப்பதென்றால் நடந்தது தெரிந்து வெறுங்கள். கிழவி ஒருத்தி திட்டினாள் என்பதற்காக நான் கோபமாக இல்லை. அவர் சும்மா சொன்னார். ஆறு வருஷமும் சும்மாவே சொல்லியிருப்பாரோ என்ற எண்ணம்தான் எனக்கு ஆறவில்லை.

சில மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு வந்தது. பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தார்கள். நானும் பொதுமக்கள்தானே என்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வருகைத் தாள் சுற்றி வந்தது. அத்தனை பேர் வந்தார்கள் என்று பல்கலைக்கழகத்துக்குக் காட்ட அதுவும் ஒரு விதியாம். பெயர், பதவி, கையெழுத்து என்று மூன்று கட்டம். எனக்கு மேலே எல்லாரும் பேராசிரியர், உதவிப் பேராசிரியர், ஆய்வு மாணவர். நான் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு, நடுக் கட்டத்தில் பேனாவை வைத்துத் தயங்கினேன். தாளைக் கொண்டுவந்த பெண், "அது காலியா இருந்தாப் பரவால்லைங்க சார்" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், பெண்கள் வேலையை விட்டு நிற்பதற்கு நீங்கள் கண்ட முக்கியக் காரணம் என்ன என்று கேட்டார். உங்கள் அத்தை மைக்கைப் பிடித்து, ஒரு பெண் சொன்னதை அவள் பேச்சிலேயே சொன்னாள். "திட்டறாங்கன்னு நிக்கலீங்க. எதுக்குத் திட்டறாங்கன்னே தெரியலீங்க, அதான் நின்னுட்டேன்." தேர்வாளர் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். நான் மேடத்தைப் பார்த்தேன். அவரும் தலையை ஆட்டினார், வேறு யாரைப் பற்றியோ கேட்பது போல. முடிவில் அவர் எழுந்து, என் தங்கையை வாயாரப் பாராட்டிவிட்டு, "இந்தத் தீசிஸ்ல ஓட்டை எதுவும் கிடையாது. அவங்க அண்ணன் போட்ட ஓட்டையைத் தவிர!" என்றார். கதை எல்லாருக்கும் முன்பே தெரிந்திருந்தது. மொத்த அறையும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. உங்கள் அத்தையும் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வாள்? தேர்வு அறிக்கையில் மேடம் அதுவரை கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. நானும் பல்லைக் காட்டினேன்.

எல்லாரும் சாப்பிடக் கீழே போனார்கள். விருந்து எங்கள் ஏற்பாடுதான், நான் பரிமாறப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அறை காலியானதும் முன் மேஜைக்குப் போனேன். வருகைத் தாள் தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் இருந்தது. என் பெயரைத் தேடி எடுத்து, காலியாக இருந்த கட்டத்தில், கட்டத்துக்கு வெளியே போகாமல், 'துணி சோதனையாளர்' என்று எழுதினேன். பாட்டில் வைத்த ஈரம் தாளில் பட்டிருந்தது. என் சட்டை நுனியால் அதை ஒற்றி எடுத்துவிட்டு, மை காயும் வரை பக்கத்திலேயே நின்றேன்.